சிறு கடனும் வாரத் தவணையும்: வங்காளதேசத்து வரலாறு

பொருள் முட்டுப்பாடு நேர்ந்த காலத்தில் பிறரிடம் கடன் கொள்வதும், கொண்ட கடனைச் சொன்ன தவணையில் திருப்பிக் கொடுப்பதும் மக்கள் ஊராகக் கூடி வாழத் தொடங்கிய நாள் முதலாக வழங்கி வருகின்றன. சொன்ன சொல் தவறாதவனை நாணயஸ்தன் என்று உலகம் போற்றுகிறது. நம் குலத்து முன்னோரும் நிலபுலன்களினும் இந்நாணயத்தையே பெருஞ்செல்வமாக மதித்தனர் என்பதை நம் பெரியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். ஆனால், ஈடு காட்ட ஒரு சாண் நிலமும் இல்லாதவர்க்கு, பிணை நிற்க ஒரு தனவந்தரும் கிடைக்காதவர்க்கு, இந்த நாணயத்தை உலகறியக் காட்ட வழி யாது? இவ்வினாவிற்கு வங்காளதேசத்து ஏழை மாதர் விடை பகர்ந்தனர். அவ்விடையில் போற்றத்தக்க பகுதியும் உண்டு. அஞ்சத்தக்க பகுதியும் உண்டு. நம் சங்கத்தின் சார்பில் மாதர்க்குச் சிறு கடன் நிதி ஒன்று ஏற்படுத்துதல் நலம் என்று அன்பர் சிலர் கூறிவரும் இத்தருணத்தில், அவ்வரலாற்றை நம்மவர் முன் வைப்பது நம் கடமையென்று கருதுகிறோம்.

ஒருவர்க்கொருவர் பிணை நின்று கடன் பெறும் முறை முற்றிலும் புதியதன்று. ஜெர்மனி தேசத்து ரைன் நதிப் பிரதேசத்தில், பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைசன் என்பார் 1864-ஆம் ஆண்டில் குடியானவர்களுக்காகக் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். ஒருவர் கடனுக்கு அங்கத்தினர் அனைவரும் பொறுப்பாவது அதன் அடிப்படை. சென்னை ராஜதானி சர்க்காரின் கட்டளைப்படி சர் பிரெடரிக் நிக்கல்ஸன் ஐரோப்பாவில் இத்தகைய சங்கங்களை ஆராய்ந்து, 1895 முதல் 1897 வரை தம் அறிக்கையை வெளியிட்டார். இந்தியாவில் 1904-ஆம் ஆண்டில் பிறந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு அவ்வறிக்கையும் ஒரு காரணமாயிற்று. எனினும், அச்சங்கங்களில் சேர்ந்தோர் பெரும்பாலும் நிலமுடைய குடியானவரே. நிலமற்றவரும், அவருள்ளும் மாதரும், வாசலுக்கு வெளியிலேயே நின்றனர்.

1974-ஆம் ஆண்டில் வங்காளதேசத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. அப்போது சிட்டகாங் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த முகம்மது யூனுஸ், சர்வகலாசாலையை அடுத்த ஜோப்ரா என்னும் கிராமத்திற்கு அடிக்கடி சென்று, ஏழைகளின் வரவு செலவை விசாரிக்கத் தொடங்கினார். அங்கே மூங்கில் முக்காலி முடைந்து பிழைத்த ஒரு மாதின் கணக்கை அவர் எழுதி வைத்திருக்கிறார். மூங்கிலுக்கு வேண்டிய 5 டக்காவை வியாபாரி முன்பணமாகக் கொடுப்பான். முடைந்த முக்காலியை அவனுக்கே விற்க வேண்டும். அவன் வைத்ததே விலை. நாள் முழுதும் உழைத்த கைக்கு மிஞ்சியது 50 பைசா. இவ்வாறு வியாபாரிகளிடம் கட்டுண்டு கிடந்தவர் அவ்வூரில் 42 பேர். அவர்கள் அனைவரையும் விடுவிக்க வேண்டியிருந்த மொத்தத் தொகை 856 டக்காவே. 1976-ஆம் ஆண்டில் அத்தொகையை யூனுஸ் தம் கையிலிருந்து கொடுத்தார். பின்னர்ப் பாங்கியை அணுகியபோது, ஈடு இல்லாதவர்க்குக் கடன் இல்லை என்னும் விடையே கிடைத்தது. தாமே பிணை நிற்பதாகக் கையொப்பமிட்ட பின்னரே கடன் வந்தது.

கடன் கொடுப்பது எளிது. வசூல் செய்யும் முறையைக் காண்பதே அரிது. ஆண்டு முடிவில் முழுத் தொகையையும் ஒரே முறையில் செலுத்து என்றால், பெருந்தொகையைக் கைவிட மனம் வராமல் கடன்தாரர் காலத்தைக் கடத்துவர் என்று யூனுஸ் எண்ணினார். ஆகையால் முதலில் அன்றாடம் சிறிது சிறிதாகச் செலுத்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஊர் நடுவிலிருந்த வெற்றிலைபாக்குக் கடைக்காரர் பணத்தை வாங்கிக் குறித்து வைப்பது என்பது நிபந்தனை. சில வாரங்களுக்குள் சச்சரவு மூண்டது. செலுத்திவிட்டேன் என்பார் கடன்தாரர். செலுத்தவில்லை என்பார் கடைக்காரர். இத்தகைய தொல்லைகளுக்குப் பின்னர், வாரம் ஒரு முறை என்னும் தவணை நிலைபெற்றது. இன்று பல தேசங்களில் கோடிக்கணக்கானோர் அறிந்த வாரத் தவணை இவ்வாறு பிறந்ததேயாகும்.

அம்முறையின் அமைப்பைச் சற்று விரிவாகக் கூறுவோம். ஒரே ஊரில், ஒத்த நிலையிலுள்ள ஐவர் தாமே கூடி ஒரு குழுவாக வேண்டும். ஒரே குடும்பத்தார் ஒரு குழுவில் சேரலாகாது. எட்டுக் குழுக்கள் வரை கூடியது ஒரு மையம். முதலில் குழுவில் இருவர்க்கே கடன், அவர்கள் சில வாரம் ஒழுங்காகச் செலுத்தியதைக் கண்ட பின் அடுத்த இருவர்க்கு, குழுத்தலைவிக்குக் கடைசியில். பாங்கிக் காரியாலயத்திற்கு ஏழை நடந்து செல்ல வேண்டுவதில்லை. பாங்கிச் சிப்பந்தியே வாரந்தோறும் குறித்த வேளையில் ஊருக்கு வருவார். குழுவுக்கு ஒரு வரிசையாக மாதர் அமர்ந்திருக்க, யாவர் முன்னிலையிலும் பணம் எண்ணப்படும், புத்தகத்தில் பதியப்படும். மறைவு என்பதற்கு அங்கே இடமில்லை.

கணக்கும் எளிது. ஒருத்தி 1,000 டக்கா வாங்கினால் வாரம் 20 டக்கா வீதம் 50 வாரங்களில் முதல் தீரும். 1990-களில் வட்டி, குறைந்துவரும் நிலுவையின் பேரில் ஆண்டுக்கு 20 சதவீதம். ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அவள் கையில் நின்ற முதல் சராசரி 500 டக்கா அளவே ஆதலின், வட்டி ஏறக்குறைய 100 டக்கா ஆகும். அதனை முதல் தீர்ந்த பின் செலுத்துவாள். லேவாதேவிக்காரரிடம் மாதத்திற்கு 10 சதவீத வட்டிக்கு அலைந்தவர்க்கு இஃது எத்துணைப் பெரிய விடுதலையென்று நாம் விளக்க வேண்டுவதில்லை.

இனி, ஈடும் பிணையும் இல்லாத அம்மாதர் ஏன் தவறாமல் செலுத்தினர் என்று ஆராய்வோம். தவணைத் தொகை சிறிதாயிருந்தது ஒரு காரணம். கடனைத் தீர்த்தால் அடுத்த ஆண்டு அதினும் பெரிய கடன் கிடைக்கும் என்னும் நம்பிக்கை மற்றொரு காரணம். ஒருத்தி தவறினால் தோழியர்க்குக் கடன் நின்றுபோகும் என்னும் தாட்சண்யம் மூன்றாவது. ஊரார் முன்னிலையில் பெயர் கூப்பிடும்போது தலை குனிய நேருமே என்னும் மானம் நான்காவது. முன்னிரண்டும் கடன் கொடுப்பவரின் ஏற்பாட்டால் விளைவன. பின்னிரண்டும் ஊரின் உறவிலிருந்து எடுக்கப்படுவன. இவ்வேறுபாட்டை நம்மவர் மனத்தில் இருத்த வேண்டும். பின்னால் நிகழ்ந்த நன்மை தீமைகளுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

1979-ஆம் ஆண்டில் டாங்காயில் ஜில்லாவிற்குப் பரவிய இம்முயற்சி, 1983 அக்டோபரில் தனிச் சட்டத்தின் வாயிலாகக் கிராமீண பாங்கி என்னும் ஸ்தாபனமாயிற்று. 1984-ஆம் ஆண்டில் அதன் அங்கத்தினர் பதினாறு தீர்மானங்களை ஏற்றனர். குழந்தைகளைப் படிக்க வைப்பதும், வரதட்சிணை கொடாமலும் வாங்காமலும் இருப்பதும் அவற்றுட் சில. கடன்தாரருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர் மாதராயினர். 100-க்கு 98 பங்கு கடன் திரும்புகிறது என்னும் செய்தி உலகமெங்கும் பரவிற்று. 2006-ஆம் ஆண்டில் யூனுஸுக்கும் பாங்கிக்கும் சேர்த்து நோபல் சமாதானப் பரிசு அளிக்கப்பட்டது. ஜொனாதன் மார்டக் என்னும் பொருளாதார அறிஞர், 1985 முதல் 1996 வரையுள்ள கணக்குகளை வேறு முறையில் எண்ணி, திரும்பியது 92 சதவீதம் அளவே என்று 1999-ஆம் ஆண்டில் எழுதினார். அதுவாயினும் இகழத்தக்கதன்று. ஈடு வைத்துக் கோடி கோடியாகக் கடன் வாங்கிய தனவந்தர் பலர் காட்டாத நாணயத்தை, குடிசை வாழ் மாதர் காட்டினர் என்பது நிலைபெற்ற உண்மையாயிற்று.

இது நிற்க. பணம் திரும்பிற்று என்பது பாங்கியின் பேரேடு கூறும் சேதி. அப்பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பேரேடு கூறாது. முதல் தவணை, கடன் வாங்கிய மறுவாரமே தொடங்கிவிடும். கன்று வாங்கியவளுக்கு மறுவாரமே பால் வருமா? விதை வாங்கியவளுக்கு ஏழாம் நாள் அறுவடையாகுமா? ஆகவே, கூலி வேலை செய்யும் கணவன் கொண்டுவந்த காசிலிருந்தோ, ரிக்ஷா ஓட்டிய மகனின் வரவிலிருந்தோ, வீட்டில் அரிசியைக் குறைத்தோ தவணை கட்டப்பட்டது. டாங்காயில் பகுதியில் 1990-களின் நடுவில் தங்கி ஆராய்ந்த அமீனூர் ரஹ்மான் என்பார், ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் வாங்கியவர் பலரைக் கண்டு எழுதினார். கோயட்ஸ், சென் குப்தா என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், கடன் வாங்கிய மாதருள் அப்பணத்தைத் தம் ஆளுகையில் பெரிதும் வைத்திருந்தவர் 37 சதவீதத்தினரே என்று கண்டனர். பணம் ஆடவர் கைக்குப் போக, தவணையும் தலைகுனிவும் மாதர் தலையில் நின்றன. லாமியா கரீம் என்னும் மானிடவியல் அறிஞர், தவணை தவறிய வீட்டின் பாத்திரங்களையும் கூரைத் தகரத்தையும் அயலாரே எடுத்துச் சென்று விற்ற செய்திகளைப் பதிவு செய்திருக்கிறார். பிணை நின்ற தோழியே சுற்றத்தார் காண வாசலில் நின்று வசை கூறும் நிலை வந்தால், அங்கே நாணயம் காக்கப்படவில்லை. நட்பு ஈடாக வைக்கப்பட்டு ஏலம் போகிறது என்றே கூற வேண்டும்.

கிராமீண பாங்கியே தன் முறையின் குறையை அனுபவத்தால் கண்டது. கடன் தொகையில் 5 சதவீதம் குழு நிதிக்கென்று பிடிக்கப்பட்டு வந்தது. விலகும்போது அதனைத் திரும்பத் தர வேண்டுமென்று 1995-ஆம் ஆண்டில் பல ஊர்க் கடன்தாரர் மையக் கூட்டங்களைப் பகிஷ்கரித்தனர். 1998-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் தேசத்தின் பெரும்பகுதியைப் பல வாரம் மூழ்கடித்தது. ஆடும் மாடும் போயின, வீடும் போயிற்று, ஆயின் தவணை மட்டும் போகவில்லை. உதவியாகக் கொடுத்த புதுக்கடன்கள் பழங்கடன்களின் மேல் ஏறிப் பாரம் பெருத்தது. பலர் கூட்டங்களுக்கு வருவதையே விட்டனர். 2000-ஆம் ஆண்டு முதல் ஆலோசித்து, 2002 ஆகஸ்டிற்குள் கிளைகள் அனைத்தும் புது முறைக்கு மாற்றப்பட்டன. குழு நிதி நீக்கப்பட்டு, அவரவர் சேமிப்பு அவரவர்க்கே உரியதாயிற்று. ஒருத்தி தவறினால் மற்றவர் கட்ட வேண்டும் என்பது இல்லையாயிற்று. முட்டுப்பட்டவள் தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டிக்கொள்ள வழி வகுக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் செல்ல இயலாதவர் சிறிது தூரம் கிளைப்பாதையில் சென்று, மீண்டும் சாலையில் ஏறலாம் என்று யூனுஸ் இதனை உவமித்தார். தவணை தவறியவரைப் புறத்தே தள்ளாது, செலுத்தும் வழிக்கே மீட்டுக் கொணர்வது இதன் நோக்கம்.

இம்மாற்றம் சரிதானா என்பதைப் பிற தேசத்துப் பரிசோதனைகள் விளக்குகின்றன. பிலிப்பைன்ஸ் தேசத்து லெய்டே தீவில் ஒரு பாங்கி, குழுப் பிணையில் கொடுத்த கடன்களுள் ஒரு பகுதியைத் தனிப்பொறுப்பாக மாற்றியது. கூட்டங்கள் முன்போலவே நடந்தன. மூன்று ஆண்டுகள் ஆன பின்னும், தவறியவர் தொகை கூடவில்லை என்று கினே, கார்லன் என்னும் அறிஞர் கண்டனர். கல்கத்தாவில் எரிக்கா பீல்டு, ரோகிணி பாண்டே என்பாரும் பிறரும் வேறு சில உண்மைகளைக் கண்டனர். முதற் கடனில், வாரம் ஒரு முறை செலுத்தியவர்க்கும் மாதம் ஒரு முறை செலுத்தியவர்க்கும் தவறுவதில் வேற்றுமை இல்லை. ஆனால் வாரந்தோறும் கூடிய மாதர்க்குள் பழக்கமும் நட்பும் வளர, அவர்கள் அடுத்த கடனில் தவறுவது குறைந்தது. முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் பெற்றவர், தொழிலில் அதிகம் முதல் போட்டு, மூன்றாண்டுகட்குப் பின் அதிக லாபம் கண்டனர். அவருள் தவறியவர் தொகையும் கூடிற்று என்பதை மறைக்கலாகாது. முழுத்தொகையும் தவறாமல் வர வேண்டுமாயின் கடன்தாரர் துணிந்து தொழில் செய்யார். துணிந்து தொழில் செய்ய விட்டால் சிலர் தவறுவர். இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பதே கடன் கொடுப்பவரின் பொறுப்பாகும். 100-க்கு 100 வசூலாகிறது என்று பெருமை பேசும் நிதி, ஒருகால் ஏழைக்கு மூச்சு விட இடங்கொடாத நிதியாயிருக்கலாம்.

இம்முறை லாப நோக்குடைய கம்பெனிகளின் கையில் சேர்ந்தபோது நிகழ்ந்ததை, நம் அயல் மாகாணமாகிய ஆந்திரத்தில் கண்டோம். அங்கே மாதர் சுய உதவிக் குழுக்கள் முன்னமே மிகுந்திருந்தன. அவற்றின் மேல் கம்பெனி பின் கம்பெனியாக வந்து, ஒருத்திக்கே மூவர் நால்வர் கடன் கொடுத்தனர். 2006-ஆம் ஆண்டிலேயே கிருஷ்ணா ஜில்லாவில் கலகம் மூண்டு, கம்பெனிக் கிளைகள் பல அதிகாரிகளால் மூடப்பட்டன. அவ்வெச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தவில்லை. 2010-ஆம் ஆண்டில் எஸ்.கே.எஸ். கம்பெனி தன் பங்குகளைச் சந்தையில் விற்றபோது முதலாளிகள் போட்டியிட்டு வாங்கினர். அதே ஆண்டில், வசூல் நெருக்கடி தாங்காது கடன்தாரர் பலர் உயிர் துறந்ததாகச் செய்திகள் வந்தன. அக்டோபர் மாதத்தில் மாகாண சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்தது. வாரத் தவணை நிறுத்தப்பட்டு மாதத் தவணையாயிற்று. வீட்டு வாசலில் வசூல் கூடாது, பஞ்சாயத்துக் காரியாலயத்திலேயே வாங்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள், ஏறக்குறைய முழுவதும் திரும்பிக்கொண்டிருந்த கடனில் பத்தில் ஒரு பங்கே வரலாயிற்று.

இவ்வீழ்ச்சியைக் கண்டு, ஏழைகள் நாணயமற்றவர் என்று கூறியவரும் உளர். அது பிழை. நேற்று வரை செலுத்தியவரும் அவர்களே. அடுத்த கடன் வரும் என்னும் நம்பிக்கை அற்றது. வசூலிப்பவர் தம் ஊருக்கு உற்றவர் என்னும் எண்ணமும் அற்றது. அச்சம் ஒன்றே எஞ்சியிருந்தது. அச்சத்தைச் சட்டம் நீக்கியபின் செலுத்துவதற்குக் காரணம் யாதும் இல்லாமற் போயிற்று. பொலிவியா தேசத்தில் 1999-ஆம் ஆண்டை ஒட்டியும், நிகராகுவா தேசத்தில் 2008-ஆம் ஆண்டு முதலும், கடன்தாரர் திரண்டு செலுத்த மறுத்த கிளர்ச்சிகளும் இப்பாடத்தையே போதிக்கின்றன.

பின்னர் விதிகள் வந்தன. மாலேகம் கமிட்டி 2011 ஜனவரியில் அளித்த அறிக்கையில், ஒருவர்க்கு இரண்டு கம்பெனிகளுக்கு மேல் கடன் கொடுக்கலாகாது என்றும், தவணை வாரமா மாதமா என்பதைக் கடன்தாரரே தெரிந்தெடுக்க வேண்டும் என்றும் கூறியது. ரிசர்வ் பாங்கி 2022-ஆம் ஆண்டில் விதித்தபடி, ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருவாயில் பாதிக்கு மேற்படலாகாது. தமிழ்நாட்டிலும் வசூல் கொடுமை இல்லாமலில்லை. 2025 ஏப்ரலில் நம் சட்டசபை, கடன் வசூலில் பலாத்காரத்தைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. விதி வேண்டியதே. ஆயினும் விதி செல்லாத இடத்திலும் செல்வது மனிதர் மனம்.

இனி நம் சங்கத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். பாங்கிக்கும் கம்பெனிக்கும் இல்லாத ஒரு பலம் நமக்கு உண்டு. நம்முள் ஒருவரையொருவர் அறிவோம். கொள்வினை கொடுப்பினையால் பிணைந்திருக்கிறோம். இதுவே பேராபத்துமாகும். கம்பெனி ஏஜெண்டு வாசலில் நின்று ஏசினால் அது அவ்வாசலோடு போகும். சங்கத்தில் ஒரு விதவையின் பெயர் தவணை தவறியவர் ஜாபிதாவில் வாசிக்கப்பட்டால், அது அவள் மகளின் கலியாணப் பேச்சு வரை செல்லும். மானம் என்னும் ஈட்டைப் போலப் பெரிய ஈடு நம்மிடம் வேறில்லை. ஆதலின் அதனைக் கையாள்வதில் நாம் பிறரினும் பதின்மடங்கு அஞ்ச வேண்டும்.

நிதி தொடங்குவதாயின் சில ஏற்பாடுகள் இன்றியமையாதவை என்று கருதுகிறோம். கடன் கொடுக்குமுன், அவள் பிறரிடம் பட்டிருக்கும் கடனைக் கேட்டறிதல் வேண்டும். முதல் தவணைக்கு முன், தொழிலுக்கேற்ற அவகாசம் அளித்தல் வேண்டும். தறியும் தையலும் நடத்துவோர்க்கு ஒரு கணக்கு. கறவை மாடு வாங்குவோர்க்கு வேறு கணக்கு. நோய், சாவு, வெள்ளம் நேர்ந்த வீட்டிற்குத் தவணையைச் சுருக்கி நீட்டும் அதிகாரம், மாதரும் அங்கம் வகிக்கும் சிறு கமிட்டிக்கு இருத்தல் வேண்டும். தவறியவர் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதும் பத்திரிகையில் அச்சிடுவதும் அறவே கூடா. வாரக் கூட்டம் நடக்கட்டும். அது வசூலுக்கு மட்டுமன்றி, ஒருவர் குறையை மற்றவர் கேட்பதற்காகவும் நடக்கட்டும். ஆண்டறிக்கையில் எவ்வளவு வசூலாயிற்று என்று எழுதுவதோடு, கடன் வாங்கியவருள் எத்தனை பேர் வீட்டில் வருவாய் உயர்ந்தது என்றும் எழுத வேண்டும். பின்னதை எழுத இயலாத நிதி, முன்னதைப் பற்றிப் பெருமை கொள்வதற்கு உரிமையற்றது.

ஜோப்ரா கிராமத்து 42 பேர் உலகிற்கு மெய்ப்பித்தது ஒன்று. நாணயம் செல்வத்தைப் பொறுத்ததன்று. ஏழையை நம்பினால் ஏழை அந்நம்பிக்கையைக் காப்பார். ஆந்திரத்து மாதரின் துயரம் கற்பித்தது மற்றொன்று. அந்நம்பிக்கையைக் கயிறாகத் திரித்துக் கழுத்தில் மாட்டினால், கயிறும் அறும், உயிரும் போகும். கடனைத் திருப்பிக் கொடுத்தல் வாங்கியவர் தர்மம். திருப்பிக் கொடுக்க இயலும் வண்ணம் கொடுத்தல் கொடுத்தவர் தர்மம். இவ்விரு தர்மங்களையும் நம் சங்கத்தார் ஒருங்கே ஏற்று, அடுத்த மகாசபையில் இவ்விஷயத்தைத் தீர ஆலோசித்து, நம் குலத்து ஏழை மாதர்க்கு நன்மை பயக்கும் முடிவொன்றைச் செய்வார்களாக.